செட்டிநாட்டில் பண்பாட்டுச் சுற்றுலா: வருகிற பணம் ஊரிலேயே தங்க ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி, தை மாதங்களில் கானாடுகாத்தான் தெருக்களில் வெளியூர் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்த்தால்தான் நிலைமை புரியும். காலையில் மதுரையில் கிளம்புகிறார்கள். அரண்மனை வாசலில் சில படங்கள், ஆத்தங்குடி பெரிய வீட்டில் அரை மணி நேரம், காரைக்குடியில் மதியச் சாப்பாடு, பழம்பொருள் கடைகளில் ஒரு சுற்று, இருட்டுவதற்குள் மறுபடியும் மதுரை. செலவில் பெரும்பங்கு வண்டிக்கும் மதுரை விடுதிக்கும் போய்விடுகிறது. கிராமத்துக்குக் கிடைப்பது டீக்காசும் நுழைவுக் கட்டணமும்தான்.

செட்டிநாட்டு வணிகர்களின் கிராமத் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. வெளிநாட்டில் இருந்து வருபவர் இதைப் படித்துவிட்டு வருகிறார். அவருக்கு டீ போட்டுக் கொடுக்கிறவருக்கு இது தெரியாது. அவர் கண்ணுக்கு எதிரே இருப்பது வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு, அவ்வளவுதான். பண்பாட்டுச் சுற்றுலாவால் ஊர் முன்னேற வேண்டும் என்றால் முதலில் இந்த இடைவெளி மூட வேண்டும். விளம்பரம், இணையதளம், விழா எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த வழிகாட்டி ஊராட்சி உறுப்பினர்களுக்கும், மகளிர் குழுக்களுக்கும், படித்துவிட்டு ஊரிலேயே ஏதாவது செய்ய நினைக்கிற இளைஞர்களுக்கும், வெளியூரில் இருக்கிற வீட்டுப் பங்காளிகளுக்கும் எழுதப்பட்டது. செட்டிநாட்டை வைத்துச் சொல்கிறேன். தொடங்கியதில் இருந்து நிலைபெற இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்ற மனதோடு இறங்குங்கள்.

முதல் படி: ஊர்க்காரர்களுக்கே ஊரைக் காட்டுங்கள்

விழிப்புணர்வு என்றதும் பலரும் பேனர் கட்டி, ஒரு பேச்சாளரை அழைத்து, மைக் வைத்துக் கூட்டம் போடுகிறார்கள். அதனால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரில் இருக்கிறவர்களை ஊருக்குள்ளேயே நடத்திக் கூட்டிப் போங்கள். ஒரே தெருவில் முப்பது வருஷம் குடியிருந்தும் எதிர்வீட்டு வளவை (உள் முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) பார்க்காதவர்கள் செட்டிநாட்டில் நிறைய உண்டு. வாட்ச்மேனிடமும் பங்காளியிடமும் முன்பே பேசி, இரண்டு வீடுகளை அன்றைக்குத் திறக்கச் சொல்லுங்கள்.

நடக்கும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். வீடுகள் மட்டும் போதாது. ஊருணி, அதற்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால், அய்யனார் கோயில், அங்கே நிற்கிற மண் குதிரைகள், அந்தக் குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்து வருகிற புரவி எடுப்புத் திருவிழா எந்த மாதம், குதிரை செய்கிற குடும்பம் எது, யார் வீட்டில் பணியாரம் நன்றாக வரும், யாருக்குக் கொட்டான் (பனையோலைக் கூடை) முடையத் தெரியும், பழைய தாலாட்டு யாருக்கு நினைவிருக்கிறது, எந்தக் கொத்தனாருக்குச் சுண்ணாம்புப் பூச்சு தெரியும், எல்லாம் அதில் வர வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த வேலையில் பாதியைக் கொடுங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொன்னால் ஊராட்சி அலுவலகத்தில் இல்லாத விவரமெல்லாம் வந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். செட்டிநாடு என்றால் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) வீடுகள் என்றே வெளியில் தெரிகிறது. கட்டியவர்கள் அவர்கள்தான். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் ஈட்டிய பணத்தில்தான் பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இங்கே வந்து இறங்கின. ஆனால் இன்று அந்த வீட்டுச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் அந்த வீட்டைக் காவல் காப்பவர்கள், பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்கள், அந்தத் தேக்கைச் செதுக்கிய ஆசாரிகளின் பேரப்பிள்ளைகள், ஓடு போட்டவர்களின் பிள்ளைகள். சுற்றுலா என்றால் யாரோ ஒருவரின் வீட்டை இன்னொருவர் வந்து பார்ப்பது என்று மட்டும் ஆகிவிட்டால், ஊரில் பாதிப் பேருக்கு அதில் பங்கே இருக்காது. பங்கில்லாதவர் எதற்காகத் தெருவைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்? ஆகவே உங்கள் பட்டியலில் வீட்டைக் கட்டியவருக்கு எவ்வளவு இடமோ, கட்டிய கைகளுக்கும் அவ்வளவு இடம் கொடுங்கள்.

இரண்டாம் படி: ஒரு ரூபாய் எங்கே போகிறது என்று கணக்குப் போடுங்கள்

இது ஒரு மாலை நேர வேலை. மகளிர் குழுக் கூட்டத்திலேயே செய்யலாம். பெரிய சார்ட் தாளை ஒட்டி, நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் ஒரு நாள் செட்டிநாட்டைப் பார்க்க வந்தால் என்ன செலவு செய்யும் என்று எல்லோரையும் சொல்லச் சொல்லி எழுதுங்கள்.

ஒரு கணக்குக்கு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 3,500, வெளியூர் விடுதி அறைக்கு 2,500, சாப்பாட்டுக்கு 1,400, நுழைவுக் கட்டணம் 200, டீ தண்ணீர் 100, வாங்கிப் போன பொருள் 300. இதில் கிராமத்துக்குள் வந்தது எது என்று பச்சை மையில் வட்டம் போடச் சொல்லுங்கள். நுழைவுக் கட்டணமும் டீயும் சேர்த்து 300 ரூபாய் தேறும். வாங்கிய பொருள் ஊரில் செய்ததாக இருந்தால் இன்னொரு 300. மொத்த வட்டமும் 600 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

அப்புறம் இதே குடும்பம் ஓர் இரவு கிராமத்தில் தங்கினால் என்ன ஆகும் என்று இன்னொரு தாளில் எழுதுங்கள். அறை வாடகை, இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம், ஊர் சுற்றிக் காட்டுகிறவருக்குக் கட்டணம், ஒரு கொட்டான், ஒரு கிலோ முறுக்கு. பச்சை வட்டம் எவ்வளவு பெரிதாகிறது என்று கூட்டமே பார்த்துவிடும். அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த அறைக்குப் பால் ஊற்றுவது யார், துணி வெளுப்பது யார், காய்கறி எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். எல்லாம் காரைக்குடிச் சந்தையில் இருந்து வந்தால் வட்டம் மறுபடி சுருங்கும்.

இந்த இரண்டு தாள்களையும் கிராம சபையில் வையுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஏதாவது ஒன்றில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கச் சொல்லித் தலைவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேரூராட்சியாக இருந்தால் வார்டு உறுப்பினர் வழியாகப் பகுதி சபையில் பேசலாம்.

மூன்றாம் படி: வீடுகளைக் காப்பாற்றுங்கள்

இதில்தான் அதிக நேரம் போகும், அதிகப் பொறுமையும் வேண்டும். வீடு இல்லாமல் போனால் மற்ற படிகளுக்கு வேலையே இல்லை.

ஒரு செட்டிநாட்டு வீடு பல இடங்களில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளும். வளவைச் சுற்றி உள்ள அறைகள் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒவ்வொன்று. முகப்பும் வளவும் பொது. மூன்று நாலு தலைமுறை தாண்டியதும் ஒரு வீட்டில் டஜன் கணக்கில் பங்காளிகள். ஒருவர் பழுதுபார்க்கலாம் என்பார், ஒருவர் விற்கலாம் என்பார், ஒருவர் போனையே எடுக்க மாட்டார். மழை மட்டும் யார் சம்மதத்துக்கும் காத்திருக்காமல் உள்ளே இறங்குகிறது. கடைசியில் தூண், நிலை, கதவு, உத்திரம் என்று தனித்தனியாகக் கழற்றி லாரியில் ஏறுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்கள், தாங்கள் வாங்குவது ஏதோ ஒரு வீட்டின் உறுப்பு என்பதை யோசிக்க வேண்டும். தேக்குக்கு நல்ல விலை கிடைக்கும்தான். ஆனால் வீடு இருந்த இடத்தில் காலி மனைதான் மிஞ்சும், அதைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

ஊர் என்ன செய்ய முடியும்? வீடு ஊருடையது இல்லை, உண்மைதான். ஆனாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 

பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வரும் நாட்கள் உண்டு: கல்யாணம், கோயில் திருவிழா, முன்னோருக்குப் படையலிடும் படைப்பு. பேச வேண்டிய நேரம் அதுதான். "வீட்டைச் சுற்றுலாவுக்குத் திறங்கள்" என்று எடுத்ததும் கேட்டால் பயப்படுவார்கள். "கூரையில் தண்ணீர் இறங்குகிறது, ஐயா. நாங்கள் ஆள் விட்டுச் சரிபார்க்கிறோம், செலவை நீங்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று தொடங்குங்கள். பங்காளிகளில் ஒருவரைப் பொறுப்பாளராக எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பகுதியைப் பார்வையாளருக்குத் திறக்கலாம், எது பூட்டியே இருக்க வேண்டும், வருகிற கட்டணத்தில் பராமரிப்புக்கு எவ்வளவு, வாட்ச்மேன் குடும்பத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் தெளிவாக வரட்டும்.

பழுதுபார்ப்பில் பெரிய செலவுக்கு முன்னால் செய்ய வேண்டிய சின்ன வேலைகள் சில உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறி உடைந்த ஓடுகளை மாற்றுவது. தண்ணீர் வடிகிற தகரத் தூம்பில் அடைத்துக் கிடக்கும் இலைகளை அள்ளுவது. சுவரில் முளைக்கிற அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் விரல் பருமன் ஆகும் முன்பே வேரோடு எடுப்பது. பெரிதாகிவிட்டால் வேரை எடுக்கச் சுவரையே இடிக்க வேண்டி வரும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழியைத் திறந்து வைப்பது. இந்த நாலையும் வருஷம் ஒருமுறை செய்தாலே ஒரு வீட்டின் ஆயுள் பல வருஷம் கூடும். ஊரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இதையே ஒரு தொழிலாகச் செய்யலாம். வீட்டுக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் பேசிவிட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வெளியூர்ப் பங்காளிக்கு நம்பிக்கை வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சுவர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய சுவர்களில் இருப்பது சுண்ணாம்புப் பூச்சு. பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் நைசாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றியது. அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, கொஞ்ச நாளில் பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். செலவு குறைவு என்று சிமென்ட்டுக்குப் போகாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஊரில் ஒருவர் மிஞ்சியிருந்தாலும் அவரிடம் இரண்டு பையன்களைச் சேர்த்துவிடுங்கள். அது இன்று எளிதில் ஆள் கிடைக்காத வேலை, நல்ல கூலியும் உண்டு.

நான்காம் படி: கைத்தொழிலைக் காட்சிப் பொருளாக்காமல் தொழிலாக வையுங்கள்

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கிற பூக்கல்) செய்கிற கொட்டகைக்குள் நின்று பார்த்தால் நேரம் போவதே தெரியாது. தரையில் ஒரு கண்ணாடிப் பலகை. தொழிலாளி அதைத் துடைத்து, மேலே இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று குழைத்து வைத்த சிமென்ட் குழம்பைச் சின்னக் கரண்டியில் மொண்டு, அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுகிறார். கை நடுங்குவதில்லை. அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டும் கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை வைத்து மட்டம் தட்டுகிறார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குள் சில நாள் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடியை எடுத்தால் அடியில் இருந்த முகம் பளபளவென்று மேலே வருகிறது. மெருகு முழுக்கக் கண்ணாடியில் இருந்து வந்தது.

இதைப் பார்க்கிற யாருக்கும் ஆசை வரும். ஆனால் வீடு கட்டாதவர் கல் வாங்கிப் போக மாட்டார், கனமும் அதிகம். இங்கேதான் யோசிக்க வேண்டும். உள்ளங்கை அகலத்தில் சின்னக் கல் செய்யலாம். சூடான பாத்திரம் வைக்க உதவும், பெட்டியில் இடமும் அடைக்காது. பார்வையாளர் தானே ஒரு கல் ஊற்றிப் பார்க்க ஒரு கட்டணம் வைக்கலாம். அது காய்ந்து ஊற நாள் ஆகும் என்பதால் தபாலில் அனுப்புவதற்கும் சேர்த்து வாங்குங்கள். வேலை நடக்கும்போது படம் எடுத்துக்கொண்டு "நன்றி" சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் பார்வைக் கட்டணம் கேட்கத் தயங்க வேண்டாம். தொழிலாளியின் அரை மணி நேரத்துக்கு விலை உண்டு. அந்தக் கட்டணம் கொட்டகை முதலாளிக்கா, வேலை செய்கிறவருக்கா என்பதை முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். என்னைக் கேட்டால் வேலை செய்கிறவருக்குத்தான்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் அது உண்டு. ஆனாலும் கண்டாங்கி என்ற பெயரில் விசைத்தறிச் சேலைகள் எங்கும் விற்கின்றன. கட்டமும் அகலக் கரையும் இருந்தால் போதும் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்கிறார். குறியீட்டின் பலன் நெசவாளருக்கு வர வேண்டும் என்றால் அவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டு, விடுபட்டவர்களைப் பதிய வையுங்கள். தறி வீட்டு வாசலிலேயே ஒரு பலகை வையுங்கள்: ஒரு சேலைக்கு எத்தனை நாள், நூல் விலை என்ன, கூலி என்ன. அதைப் படித்தவர் பேரம் பேசுவது குறையும்.

கொட்டான் பனையோலையில் முடைவது. கல்யாணச் சீரில் அதற்குத் தனி இடம் உண்டு. பிளாஸ்டிக் வந்து அடித்துப் போட்ட தொழில் இது. பெண்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்துத்தான் மீட்டார்கள். கல்யாணத் தாம்பூலத்துக்கு மொத்தமாகக் கேட்பவர்கள்தான் இதற்கு உண்மையான சந்தை. சுற்றுலாப் பயணி ஒன்று வாங்குவார், கல்யாண வீட்டுக்காரர் நூற்றுக்கணக்கில் வாங்குவார். எனவே வருகிற ஒவ்வொருவரிடமும் ஆர்டர் சொல்வதற்கான போன் எண் உள்ள ஒரு சீட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

ஐந்தாம் படி: சாப்பாடும் படுக்கையும்

செட்டிநாடு என்ற பெயரில் உலகமெல்லாம் உணவகங்கள் இருக்கின்றன. எங்கும் காரக் கோழிதான். ஊரில் இருக்கிற வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், அரிசி களைந்த தண்ணீரில் செய்கிற வெண்டைக்காய் மண்டி, பர்மாவில் இருந்து வந்து இங்கே ஊறிப்போன கவுனி அரிசி ஆகியவற்றை வெளியில் எளிதில் சாப்பிட முடியாது. உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது. உணவகம் திறக்க முதலீடு வேண்டும்; அதற்கு முன்னால் நாலைந்து வீடுகள் சேர்ந்து, முதல் நாளே சொல்லிவைப்பவர்களுக்கு மட்டும் இலைச் சாப்பாடு போடலாம். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்தால் யாருக்கும் பாரம் இல்லை, சோறும் வீணாகாது.

பதிவுகளை முதலிலேயே முடித்துவிடுங்கள். வீட்டில் சமைத்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்கு எளிய அடிப்படைப் பதிவு இருக்கிறது. வீட்டில் தங்க வைப்பதற்கு மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். ஒன்றிய அரசின் வீட்டுத் தங்கல் திட்டம் ஒன்று முதல் ஆறு அறை வரை உள்ள, உரிமையாளர் குடியிருக்கிற வீடுகளுக்கானது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல மனதோடு தங்க வைத்துவிட்டுச் சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அறை ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. சுத்தமான கழிப்பறை, தடையில்லாத தண்ணீர், வெளுத்த விரிப்பு, கொசுவலை, இரவில் கூப்பிட்டால் எழுந்து வர ஓர் ஆள். இவ்வளவு இருந்தால் போதும்.

கேரளத்தின் குமரகத்தில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. 2008 வாக்கில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலா முயற்சியில், அங்கே உள்ள பெரிய விடுதிகள் காய்கறி, மீன், தேங்காய் போன்றவற்றை உள்ளூர்க் குடும்பஸ்ரீ (கேரளத்து மகளிர் குழு அமைப்பு) பெண்களிடமும் விவசாயிகளிடமும் வாங்குவதற்கு ஊராட்சியும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து ஏற்பாடு செய்தன. விலையைக் குழு அமர்ந்து நிர்ணயித்தது. இதற்கு ஐநாவின் உலகச் சுற்றுலா அமைப்பு விருதும் கிடைத்தது. செட்டிநாட்டிலும் பழைய வீடுகளை மாற்றி நடத்தும் விடுதிகள் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் இருக்கின்றன. ஒரு விடுதியோடு முதலில் ஒரே ஒரு பொருளுக்கு, முட்டைக்கோ கீரைக்கோ, ஒப்பந்தம் போடுங்கள். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் கொடுத்துக் காட்டிவிட்டு அடுத்த பொருளைப் பேசுங்கள். பெரிதாகத் தொடங்கிப் பாதியில் நின்றால் விடுதிக்காரர் மறுபடி சந்தைக்கே போய்விடுவார்.

ஆறாம் படி: வழிகாட்டிகளுக்குப் பயிற்சி

ஊரில் இருக்கிற ஐந்தாறு இளைஞர்கள், இளம்பெண்கள் போதும். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. வருகிறவர்களில் பெரும்பான்மை நம் ஊர்க்காரர்கள் என்பதால் தமிழில் அழகாகச் சொல்லத் தெரிவது அதைவிட முக்கியம்.

சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து பெயர்ந்து வந்த கதையைச் சொல்லுங்கள், ஆனால் வழிவழியாகச் சொல்லப்படுவது என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை லட்சம் முட்டை உடைத்தார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். பர்மாவில் அவர்களின் வட்டித்தொழில் எப்படி நடந்தது, 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்த சொத்து என்ன ஆனது, அதற்கப்புறம் இந்த அளவுக்கு வீடுகள் ஏன் கட்டப்படவில்லை என்று சொன்னாலே கேட்பவர் நின்றுவிடுவார். வட்டித்தொழிலைப் பற்றி நல்லதும் கெட்டதும் பேசுங்கள். பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியதும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

நடைப் பயணத்தைக் காலை ஆறரைக்கும் மாலை நாலரைக்கும் வையுங்கள். உச்சி வெயிலில் நடத்தினால் யாரும் இரண்டாவது தெருவுக்கு வர மாட்டார்கள். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் தினமும் வருகிற பக்தர்களை மறந்துவிடாதீர்கள். தரிசனம் முடிந்து மதியம் என்ன செய்வது என்று தெரியாமல் ஊர் திரும்புகிற கூட்டம் அது. இரண்டு மணி நேரத்தில் முடியும் மாலை நடை ஒன்றும், ஒரு தட்டுப் பலகாரமும் இருந்தால் அவர்களில் ஒரு பகுதியினர் வருவார்கள்.

ஏழாம் படி: ஊர் விதிகள்

விதிகளைக் கூட்டம் கூடிய பிறகு போட முடியாது, முன்னாலேயே போட வேண்டும். பிள்ளைகளைப் படம் எடுக்கப் பெற்றோர் அனுமதி. துக்க வீட்டுத் தெருவில் அன்று நடைப் பயணம் இல்லை. கோயிலுக்குள் எது வரை வரலாம் என்பதைப் பூசாரியும் ஊராரும் சொல்வதுதான் முடிவு. டிரோன் பறக்கவிட அனுமதி கேட்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காசோ மிட்டாயோ கொடுக்கக் கூடாது. கொடுக்க நினைப்பவர் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்கலாம். 

சினிமாக்காரர்களுக்குத் தனி விதி வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் படப்பிடிப்பு அடிக்கடி நடக்கிறது. வீட்டுக்கு வாடகை போகிறது, தெரு மட்டும் இரண்டு நாள் அடைபட்டுக் கிடக்கிறது. தெருவுக்கும் ஊருணிக்கும் ஊராட்சி ஒரு கட்டணம் வாங்கட்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பூச்சு பூசக் கூடாது என்று எழுதி வாங்கட்டும். சாப்பாட்டை மகளிர் குழுவிடமே வாங்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

பொதுக் கழிப்பறை இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். பெண்கள் வருகிற குழு ஓர் ஊரில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கிறது. பராமரிக்கிறவருக்கு மாதச் சம்பளம் ஊர் நிதியில் இருந்து போக வேண்டும்.

எட்டாம் படி: ஊர் நிதி, திறந்த கணக்கு

நடைப் பயணம், சாப்பாடு, அறை, படப்பிடிப்பு எல்லாவற்றிலும் ஒரு பங்கு ஊர் நிதிக்கு வரட்டும். எத்தனை சதவீதம் என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும். வங்கிக் கணக்கு மூன்று பேர் பெயரில் இருக்கட்டும். அதில் ஒருவராவது மகளிர் குழுவில் இருந்தும், ஒருவர் பெரிய வீடுகள் இல்லாத தெருவில் இருந்தும் வர வேண்டும். மாதா மாதம் வரவு செலவை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், எவ்வளவு நல்ல முயற்சியும் நின்றுவிடும்.

நிதியை முதல் வருஷம் எதில் செலவழிக்கிறீர்கள் என்பது முக்கியம். வரவேற்பு வளைவு கட்டாதீர்கள். ஊருணியைத் தூர்வாருங்கள், வரத்து வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். சுற்றுலாவில் நேரடியாகச் சம்பாதிக்காத குடும்பமும் அதில் தண்ணீரைப் பார்க்கும். வருகிறவர்கள் மேல் ஊருக்கே அக்கறை வருவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: இப்போது வெளியில் சொல்லுங்கள்

இதுவரை சொன்னதில் பாதியாவது நடந்தபின் விளம்பரத்துக்கு வாருங்கள். கூகுள் வரைபடத்தில் இடம், திறக்கும் நேரம், கட்டணம், எப்போதும் எடுக்கப்படுகிற ஒரு போன் எண். இவை சரியாக இருந்தால் போதும். போன் எடுப்பதற்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். பல்லவன் ரயிலில் வந்து இறங்குகிறவருக்குக் காரைக்குடியில் இருந்து ஊர் வரை ஆட்டோ என்ன கேட்கும் என்பதையும் எழுதிவையுங்கள். ஆட்டோ ஓட்டுநர்களையும் ஒரு நாள் நடைப் பயணத்துக்கு இலவசமாகக் கூட்டிப் போங்கள். உங்கள் ஊரைப் பற்றி முதலில் பேசப்போவது அவர்கள்தான்.

வருஷம் ஒருமுறை அந்தச் சார்ட் தாளை மறுபடி எடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். ஊரில் எத்தனை குடும்பத்துக்கு வருமானம் போனது, கொட்டகையில் வேலை கற்றுக்கொள்ளப் புதிதாக யாராவது வந்தார்களா, அந்த வருஷம் எத்தனை வீடு இடிபட்டது, எத்தனை கூரை சரியானது என்று எழுதுங்கள். கூட்டம் கூடியும் பச்சை வட்டம் பெரிதாகவில்லை என்றால், அடுத்த பருவத்துக்குப் புதிய குழுக்களை ஒப்புக்கொள்வதை நிறுத்திவிட்டு, கசிவு எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள். கணக்கை நவம்பர் 1 கிராம சபையில் படித்துவிடுவது வசதி. மார்கழிக் கூட்டம் வருவதற்குள் மாற்ற வேண்டியதை மாற்ற ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும்.